பைக்கில் போன் சார்ஜர் சாக்கெட்: மலைக்கு ஏறி இறங்குகிறவர்களின் கேள்விகளும் பதில்களும்

கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்து கேரள மலைமேல் இருக்கிற குமுளி, வண்டன்மேடு, பூப்பாறை என்று பைக்கிலேயே மேலே போய் வருகிறவர்கள் ஏராளம். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, போடி ஏலத்துக்கும் புற்றடி ஏலத்துக்கும் அலைகிற ஏலக்காய் வியாபாரி, மருந்து கம்பெனி ரெப், பார்சல் போடுகிற பையன்கள் என்று எல்லோருக்கும் போன் உயிரோடு இருந்தாக வேண்டும். அதனால் வண்டியில் சார்ஜர் மாட்டுகிற வேலை இப்போது எல்லா மெக்கானிக் கடையிலும் நடக்கிறது, பாதிக்கு மேல் மோசமாகவும் நடக்கிறது. இந்த வேலையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பவர் பேங்க் ஒன்று பையில் இருந்தால் போதாதா? வயரிங்கில் ஏன் கை வைக்க வேண்டும்?

மாதம் ஒரு தடவை மேலே போகிறவருக்குப் பவர் பேங்க் தாராளமாகப் போதும், வண்டியைத் தொடவே வேண்டாம். தினமும் போகிறவருக்குத்தான் பிரச்சினை. லோயர் கேம்ப் தாண்டி ஏற ஆரம்பித்ததும் டவர் விட்டு விட்டுக் கிடைக்கும். சிக்னல் மங்கினால் போன் தன் பவரைக் கூட்டி டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், பேட்டரி சமவெளியில் குறைவதைவிட வேகமாகக் குறையும். அதோடு மேப்பும் ஓடி, வெளிச்சமும் முழுசாக இருந்தால் மத்தியானத்துக்குள் போன் படுத்துவிடும். பவர் பேங்க்கையும் ராத்திரி மறக்காமல் சார்ஜ் போட்டு வைக்க வேண்டும். வண்டியிலேயே ஒரு சாக்கெட் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

என் வண்டி சின்ன 100 சிசி. தாங்குமா?

ஒரு போன் சார்ஜருக்குத் தாங்கும். கணக்கைப் பாருங்கள். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் கொடுக்கிற சாதாரண யூஎஸ்பி சார்ஜர் போனுக்குத் தருவது 10 வாட். உள்ளே வீணாகிறதையும் சேர்த்தால் வண்டியிலிருந்து 12 வாட், அதாவது சுமார் 1 ஆம்பியர் இழுக்கும். 18 வாட் வேக சார்ஜர் என்றால் ஒன்றரையிலிருந்து 2 ஆம்பியருக்குள். உங்கள் ஹெட்லைட் ஹாலஜன் பல்பு 35 வாட் தின்கிறது, அதோடு ஒப்பிட்டால் இது பெரிய சுமை இல்லை.

ஆனால் அது எஞ்சின் ஓடும்போது. எஞ்சின் நின்றபிறகு கதை வேறு. சின்ன வண்டிகளில் பெரும்பாலும் 3 அல்லது 4 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கும். டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் வேக சார்ஜரை ஓடவிட்டால் பேட்டரியில் பாதி அளவுக்குப் போய்விடும், செல்ஃப் எடுக்காமல் போகலாம். கிக்கர் இருக்கிற வண்டியை உதைத்துக் கிளப்பலாம். கிக்கரே இல்லாத வண்டிகளும் இப்போது நிறைய வந்துவிட்டன.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் பிடியுங்கள். எஞ்சின் ஓடாமல் 12.6 பக்கம் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 பக்கம் என்றால் பாதிதான். எஞ்சினை ஓட்டி, லைட் எரிய, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினால் 13.5-க்கு மேல் ஏற வேண்டும், 14.5-ஐத் தாண்டக்கூடாது. ஏறவே இல்லையென்றால் எஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கிற மேக்னட் காயில், அந்த வோல்ட்டை அளவோடு வைக்கிற ரெகுலேட்டர், பேட்டரி மூன்றில் ஒன்று சரியில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, இப்போது மாட்டினால் சார்ஜரும் போகும். முதலில் அதைச் சரி செய்யுங்கள், சாக்கெட் அப்புறம்.

எந்த மாதிரி சாக்கெட் வாங்குவது?

போன், ஹெல்மெட் புளூடூத், சின்ன கேமரா, இவ்வளவுதான் என்றால் நேராக யூஎஸ்பி சார்ஜரே வாங்குங்கள். ஒரு டைப்-சி, ஒரு சாதாரண துளை என்று இரண்டும் உள்ளதாக இருந்தால் நல்லது. கார்களில் இருக்கிற சிகரெட் லைட்டர் வடிவ சாக்கெட்டை நான் பைக்குக்குச் சொல்லமாட்டேன். அதில் ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் பிளக் நிற்கிறது, போடிமெட்டு வளைவுகளில் குலுங்கினால் மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். சார்ஜ் ஏறுவதாக நினைத்துக்கொண்டே போவீர்கள்.

பெட்டியின் மேல் ஐபி 67 என்று போட்டிருந்தால் தூசி புகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். ஆனால் ரப்பர் மூடி மூடியிருக்கும்போதுதான் அது பொருந்தும். மூடியைத் திறந்து கேபிளைச் சொருகிவிட்டால் அந்தத் துளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

வோல்ட் காட்டுகிற குட்டி டிஸ்ப்ளே உள்ளது வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சாவி போட்டால் மட்டும் எரிகிற மாதிரி வயரிங் செய்வதாக இருந்தால் வாங்குங்கள், பேட்டரி மோசமாகிறதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

பேட்டரியிலிருந்து நேராக எடுக்கலாமா? கடையில் அப்படித்தான் மாட்டுகிறார்கள்.

மாட்டுவார்கள், ஐந்து நிமிஷ வேலை. ஆனால் போன் சொருகாவிட்டாலும் அந்த சார்ஜர் தூங்குவதில்லை. உள்ளே இருக்கிற சர்க்யூட்டும் எல்இடியும் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி. 3 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரத்துக்குள் சுத்தமாகக் காலி. ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வண்டி எழுந்திருக்காது, பேட்டரிக் கம்பெனியைத் திட்டுவோம். அப்படி அடிமட்டம் வரை இறங்கிய லெட் ஆசிட் பேட்டரி மறுபடி சார்ஜ் போட்டாலும் பழைய தெம்புக்கு வராது.

அதனால் சாவியை அணைத்தால் சார்ஜரும் அணைய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அப்படியானால் சாவி வரும் வயரில் ஒட்டுப்போட்டால் போதுமே, ரிலே எதற்கு?

ஒற்றை 10 வாட் சார்ஜருக்கு, தனி ஃபியூஸ் வைத்து, ஒட்டுப்போட்டாலும் ஓடும். ஆனாலும் ரிலே வையுங்கள் என்றுதான் சொல்வேன். ரிலே என்பது சின்னக் கரண்ட்டில் இயங்கி, பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கிற ஒரு ஸ்விட்ச். பல வண்டிகளில் இக்னிஷனுக்கும் லைட்டுக்கும் ஹாரனுக்கும் சேர்த்து ஒரே ஃபியூஸ்தான். உங்கள் சார்ஜர் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸும் சேர்ந்து போகலாம். ராத்திரி, மூடுபனி, முன்னாலும் பின்னாலும் ஜீப்புகள், கம்பமெட்டு இறக்கத்தில் எஞ்சினும் லைட்டும் ஒன்றாக அணைகிறதை நினைத்துப் பாருங்கள். ரிலே வைத்தால் சார்ஜருக்கு வருகிற கரண்ட் தனிப்பாதையில் தனி ஃபியூஸ் வழியாக வருகிறது. வண்டியின் சொந்த வயரிங்கிலிருந்து ரிலே காயிலை இழுக்கத் தேவையானது சுமார் 0.15 ஆம்பியர் மட்டும்தான்.

நான்கு கால் உள்ள 12 வோல்ட் ரிலே எந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், கால்களில் எண் போட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக வருகிற வயர் 30-க்கு. 87-லிருந்து சார்ஜரின் சிவப்பு வயர். 86-க்கு சாவி போட்டால் கரண்ட் வருகிற வயர். 85 எர்த்துக்கு, அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்திருக்கிற ஃபிரேமுக்கு. சார்ஜரின் கறுப்பு வயர் நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கு. பெயின்ட் அடித்த சேஸிஸில் போல்ட் போட்டு எர்த் எடுப்பதைவிட இது எப்போதும் நல்லது.

சாவி வயர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின் பிரேக் ஸ்விட்சுக்குப் போங்கள். இரண்டு வயர் இருக்கும். டெஸ்ட் லேம்ப்பை எர்த்தில் கவ்வி, சாவியைப் போட்டு, பிரேக்கை மிதிக்காமல் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் எரியும். சாவியை அணைத்ததும் அதுவும் அணைந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டியது. நிறத்தைக் கேட்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும்.

டெயில் லேம்ப் வயரிலிருந்து எடுக்கலாமா என்றால் வண்டியைப் பொறுத்தது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் லைட் எப்போதும் எரிகிறது, அவற்றில் சிலவற்றில் சரிப்படும். பழைய சின்ன வண்டிகளில் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் மேக்னட் காயிலிலிருந்து வருகிற ஏசி கரண்ட்டில் எரியும். அதில் ரிலேயை மாட்டினால் டிரர்ரென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று: ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற குட்டிக் கம்ப்யூட்டர்), ஃப்யூவல் பம்ப், இன்ஜெக்டர் பக்கம் போகிற எந்த வயரையும் தொடாதீர்கள். அந்த வயரில் ஒரு மோசமான ஒட்டு போதும், வண்டி ஒரு நாள் ஓடி ஒரு நாள் நிற்கும், எந்த மெக்கானிக்காலும் சுலபத்தில் கண்டுபிடிக்க முடியாது.

ஃபியூஸ் எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது?

பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். 5 ஆம்பியர். இரண்டு போன் சேர்ந்து வேகமாக ஏற்றினாலும் 3, 4 ஆம்பியரைத் தாண்டாது, அதனால் 5 போதும்.

இடம் ஏன் முக்கியம் என்றால், ஃபியூஸ் காப்பாற்றுவது சார்ஜரை இல்லை, வயரை. சில சார்ஜர்களில் ஃபியூஸை சார்ஜர் பக்கத்திலேயே, ஹேண்டில்பார் அருகில் வைத்து அனுப்புகிறார்கள். பேட்டரியிலிருந்து டேங்குக்கு அடியில் போகிற வயர் முழுவதும் அப்போது பாதுகாப்பு இல்லாமல் கிடக்கிறது. அந்த வயர் டேங்க் போல்ட்டில் நசுங்கினால், பேட்டரி தன்னிடம் இருக்கிற மொத்தக் கரண்ட்டையும் அதில் கொட்டும். சில நொடிகளில் வயர் பழுத்துவிடும், அதற்கு மேலே இருப்பது பெட்ரோல் டேங்க்.

அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று 15 ஆம்பியர் போடுகிறவர்களும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபியூஸ் போகிறது என்றால் எங்கோ வயர் உரசுகிறது, அதைத் தேடுங்கள்.

என்ன வயர் வாங்க வேண்டும்?

1 சதுர மில்லிமீட்டர், பல இழை உள்ள ஆட்டோ வயர், சிவப்பு கொஞ்சம், கறுப்பு கொஞ்சம். வீட்டு வேலையில் மிச்சமான ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம், அதிர்வில் ஒடிந்துவிடும். வெளியே தெரியாமல் உறைக்குள்ளேயே ஒடிவதால் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஒட்டுப்போடுவது எப்படி? முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?

போதாது. ஜூன், ஜூலையில் மேலிருந்து இறங்கி வருகிற வண்டிகளின் ஹெட்லைட் டோமைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். கறுப்பு டேப் சூட்டில் இளகி, பசை வழிந்து, முறுக்கின இடத்திலிருந்து ஒரு பக்கமாக நழுவியிருக்கும். அதற்குள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, விரலால் தொட்டால் இரண்டு இழை பொடிந்து விழும். மிச்சமிருக்கிற நாலைந்து இழைகளில்தான் மொத்தக் கரண்ட்டும் போய்க்கொண்டிருக்கும், அந்த இடத்தில் உறை கறுத்திருக்கும். போன் சார்ஜ் ஏறுகிறது, அணைகிறது, ஏறுகிறது என்று வருகிற புகார்களில் நிறைய இந்த இடத்தில்தான் முடியும்.

சரியான வழி இரண்டு. ஒன்று, வயர் முனையில் மாட்டுகிற உலோகக் குழாயான திம்பிளை அளவாகப் போட்டு அதற்குரிய கிரிம்பிங் பிளையரால் அழுத்துவது. குறடால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. அழுத்தியபின் பலமாக இழுத்துப் பாருங்கள், கழன்று வந்தால் மறுபடி செய்யுங்கள். இன்னொன்று, சால்டரிங். இதில் ஈயம் ஏறிய இடம் விறைத்துப்போகும், விறைப்பு முடிகிற இடத்தில்தான் அதிர்வுக்கு ஒடியும். ஆகவே இரண்டு பக்கமும் நீளமாக ஸ்லீவ் ஏற்றி, பக்கத்து வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். எந்த முறையானாலும் சூடு காட்டினால் சுருங்குகிற ஸ்லீவ், அதிலும் உள்ளே பசை உள்ள வகை, மழைக்கு நல்லது. வயரை இணைப்பதற்கு முன்பே ஸ்லீவை உள்ளே நுழைத்துவிடுங்கள்.

வயரை வெட்டாமலே கடித்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப்புகள் விற்கிறார்கள். உள்ளே இருக்கிற தகடு சில இழைகளை அறுத்துவிடும், தண்ணீரும் போகும். நான் போடமாட்டேன்.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியில் முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும், அதனால்தான் இந்த வரிசை. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

அப்புறம் சார்ஜரை ஹேண்டில்பாரில் இறுக்கி, அங்கிருந்து வயரைப் பின்பக்கம் கொண்டுவாருங்கள். முடிந்தவரை வண்டியின் சொந்த வயர்க்கட்டு போகிற பாதையிலேயே போகட்டும், கம்பெனிக்காரர்கள் யோசித்துத்தான் அந்தப் பாதையைப் போட்டிருக்கிறார்கள். சைலன்சர், சிலிண்டர் பக்கம் வேண்டாம். ஹேண்டில்பார் திரும்புகிற கழுத்துப் பகுதியில் மட்டும் கொஞ்சம் தளர்வு விடுங்கள். இடது கடைசி வரை, வலது கடைசி வரை திருப்பிப் பாருங்கள், வயர் எங்கும் இழுபடவோ நசுங்கவோ கூடாது, ஆக்சிலேட்டர் கேபிளோடும் கிளட்ச் கேபிளோடும் சிக்கவும் கூடாது. மலையில் வளைவுக்கு வளைவு திரும்புகிற வண்டிக்கு இந்த இடம்தான் முதலில் தேயும். ஃபியூஸ் போடாமல் எல்லாவற்றையும் முடித்து, கடைசியாக ஃபியூஸைச் சொருகுங்கள்.

முடிந்ததும் சாவி போட்டு சார்ஜர் வேலை செய்கிறதா, எடுத்தால் அணைகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் பிடியுங்கள். ஃபியூஸைப் பிடுங்கினாலும் சொருகினாலும் எண் மாறவில்லை என்றால் உங்கள் வேலை சுத்தம். மீட்டர் இப்படி இருக்கும்போது செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் போய்விடும்.

மழையில் சார்ஜ் போடலாமா?

கம்பத்தில் சாரல் என்றால் குமுளியில் கொட்டும், எல்லோருக்கும் தெரியும். கொட்டுகிற மழையில் போனைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள், சாக்கெட் மூடியை மூடுங்கள். ஈரமான டைப்-சி முனையில் கரண்ட் ஓடினால் உள்ளே இருக்கிற ஊசிகள் அரித்துப்போகும், சார்ஜரைவிட போனுக்குத்தான் நஷ்டம். நனைந்துவிட்டால் காய்கிற வரை சொருக வேண்டாம்.

சார்ஜரின் துளை வானத்தைப் பார்க்காமல் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். வயர் சார்ஜருக்குள் நுழைவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறட்டும், ஓடி வருகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ரிலேயைச் சீட்டுக்கு அடியில் கால்கள் கீழே பார்க்க வையுங்கள்.

மாட்டியாயிற்று, ஆனால் மேப் ஓடும்போது சார்ஜ் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். மெலிந்த மலிவுக் கேபிள் கரண்ட்டைக் கடத்தாது, பாதிப் புகார் அதோடு தீரும். இரண்டாவது வெயில். போன் சூடேறினால் தானே சார்ஜிங்கைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நிறுத்தும். சின்னமனூர், உத்தமபாளையம் ரோட்டில் மத்தியான வெயிலில் கண்ணாடி மூடியுள்ள போன் உறைக்குள் வைத்தால் இதுதான் நடக்கும். திறந்த ஹோல்டர் நல்லது. இவை இரண்டும் இல்லையென்றால் சார்ஜர் முனையிலேயே வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 14, சார்ஜரில் 12.5 என்றால் வழியில் ஏதோ ஒரு ஒட்டு கெட்டிருக்கிறது.

ஹேண்டில்பாரில் வைத்தால் போன் கேமரா கெடுமா?

கெட வாய்ப்பு இருக்கிறது. கை ஆட்டத்தைச் சரிக்கட்டுகிற அமைப்பு உள்ள கேமராக்களில் லென்ஸ் நகரும்படி இருக்கும், பெரிய எஞ்சினின் அதிர்வு அதைப் பாதிக்கும் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது. விலையுயர்ந்த போன் என்றால் அதிர்வு தாங்கி உள்ள ஹோல்டர் வாங்குங்கள், இல்லையென்றால் கேபிளை நீட்டி டேங்க் பையில் போனை வைத்து, வழியைப் புளூடூத்தில் காதால் கேளுங்கள்.

செக்போஸ்ட்டில் பிடிப்பார்களா? வாரண்டி போகுமா?

யூஎஸ்பி சாக்கெட்டுக்காக யாரும் நிறுத்தப்போவதில்லை. வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாமல், போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் மத்திய விதியே மாறியது. கையில் பிடித்துப் பேசினால்தான் வம்பு. கேரளாவில் 2023 ஜூனிலிருந்து ஏஐ கேமராக்கள் ஹெல்மெட்டையும் போனையும் பார்த்து அபராதம் போடுகின்றன, பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும்.

வாரண்டியில் இருக்கிற வண்டியின் வயரை வெட்டினால், பிறகு எலக்ட்ரிக்கல் பழுது எது வந்தாலும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். சில மாடல்களுக்குக் கம்பெனியே கப்ளரில் சொருகுகிற சார்ஜர் தருகிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இதே சாக்கெட்டில் காற்று பம்ப், ஃபாக் லேம்ப் போடலாமா?

கூடாது. டயருக்குக் காற்றடிக்கிற 12 வோல்ட் பம்ப் 8, 10 ஆம்பியர்கூட இழுக்கும். இந்த வயருக்கும் ஃபியூஸுக்கும் அது ஆகாது, சின்ன வண்டியின் மேக்னட் காயிலுக்கும் ஆகாது. உள்ளேயே பேட்டரி உள்ள பம்ப்பை வாங்கி இந்த சாக்கெட்டில் அதைச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஃபாக் லேம்ப்புக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ், தனி வயர். கூடுதல் லைட்டைக் கேரளாவில் கேள்வி கேட்பார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கை வராது, கடையில்தான் கொடுக்கப்போகிறேன். என்ன சொல்லி மாட்டச் சொல்வது?

ரிலே வைக்க வேண்டும், பேட்டரி பக்கத்தில் 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் வேண்டும், ஒட்டுகளில் ஸ்லீவ் வேண்டும், நெகட்டிவ் நேராகப் பேட்டரிக்கு. இந்த நான்கையும் வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், கூலி கொஞ்சம் கூடக் கேட்டால் கொடுங்கள். சீட்டை மாட்டுவதற்கு முன் "அண்ணே, ஃபியூஸ் எங்கே வைத்தீர்கள், காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதை உங்கள் கையாலேயே பிடுங்கிப் பாருங்கள், சார்ஜர் மட்டும் அணைந்து ஹாரனும் லைட்டும் இருந்தால் சரியாகத்தான் செய்திருக்கிறார். அதே அளவில் இன்னும் இரண்டு ஃபியூஸ் வாங்கி, டூல்ஸ் பையில் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.